பழைய கார் சூடேறுகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: கார் சூடாகிறது, தண்ணீர் குறைகிறது. மாடல், வருஷம், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள், எப்போது சூடாகிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா, மேடு ஏறும்போதா, ஏ.சி. போட்ட பிறகா என்று தெரிந்தால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். அப்படித் தெளிவாக எழுதியவர்களின் கேள்விகளுக்கு முதலிடம்.

2004 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றாலே டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. பைபாஸில் 60-ல் போனால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம், பொறுங்கள். ஓடும்போது இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தண்ணீர் ஓட்டமும் ரேடியேட்டரும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது மின்விசிறி மட்டும்தான். சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

கார் நிற்கும்போது இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து வையுங்கள். முள் பாதியைத் தாண்டும் நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் 95 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓட ஆரம்பித்து, ஐந்தாறு டிகிரி குறைந்ததும் நிற்கும். சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிறகு ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வைத்த ஒயரில் 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் பின்புறம் லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும்.

நேர் கரன்ட்டில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் காரில் சுற்றவில்லை என்றால், ஃபேனுக்குக் கட்டளை கொடுக்கும் பக்கம் பாருங்கள். கார்புரேட்டர் காலத்து 800-ல் வெப்ப சுவிட்ச் இருக்கும். அதன் ஒயர்கள் இரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஃபேன் ஓட வேண்டும். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த வகை) என்பதால், கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சாரைப் பார்த்து, இன்ஜினின் கணினியான ஈ.சி.எம். முடிவு செய்கிறது. சென்சார் பிளக்கில் பச்சைப் பாசி பிடித்திருந்தாலே தவறான செய்தி போகும்.

இன்னொரு விஷயம். மோட்டாரை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தால், ஒயர் மாறி ஃபேன் எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைக் காட்டுங்கள். பின்னால் பொருத்திய ஃபேன் அதை உள்ளே இழுக்க வேண்டும், வெளியே தள்ளக் கூடாது. நேரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், இது அவ்வளவு சாதாரணமான தவறு. சோதிக்கும்போது விரலைக் கவனியுங்கள். சூடான இன்ஜினில் ஃபேன் எந்த நொடியிலும் சுற்ற ஆரம்பிக்கும்.

2009 சான்ட்ரோ. ஊருக்குள் பிரச்சினையே இல்லை. நான்குவழிச் சாலையில் ஏ.சி. போட்டு 90-ல் போனால் முள் மெல்ல ஏறுகிறது. ஏ.சி.யை நிறுத்தினால் இறங்குகிறது. வெயில்தான் காரணமா?
– வாசகர், வேலூர்

வேலூர் வெயில் கடுமைதான், ஆனால் கார் அதற்கும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. திருப்பூர்க்காரருக்கு நேர்மாறான நிலை உங்களுடையது. 90-ல் போகும்போது காற்று தாராளமாக வரும், ஃபேன் தேவையே இல்லை. அதிக வெப்பம் உண்டாகும்போது அதை வெளியே தள்ளும் அளவுக்குத் தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரின் திறனோ போதவில்லை.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு விரல் இடைவெளியில் பத்து வருஷத்துத் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும், சாதாரணக் குழாய் வேகமே போதும்.

அது சரியென்றால், அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். நன்றாகச் சூடான இன்ஜினில், ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸுக்கும் வெளியே வரும் ஹோஸுக்கும் ஏறக்குறைய 10 டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. 30, 40 டிகிரி இருந்தால் தண்ணீர் சரியாக ஓடவில்லை: தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) பாதிதான் திறக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை. வித்தியாசமே இல்லையென்றால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் வெப்பத்தை விடவில்லை. ரேடியேட்டரின் முகத்தை முழுக்க அளந்து வாருங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைபட்டவை.

வேலூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீரைத்தான் எல்லோரும் ஊற்றுகிறார்கள். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. லேசான படிவம் என்றால் சிட்ரிக் ஆசிட் போதும். லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் கலந்து, இன்ஜினைச் சூடேற்றி 15, 20 நிமிடம் ஓடவிட்டு இறக்கிவிடுங்கள். பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கழிவறை ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் கிட்டவே வரக் கூடாது. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் தகட்டுக் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, மறுபடி ஈயம் வைத்து ஒட்டுவார்கள். உங்கள் காரில் இருப்பது பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர். அதில் அந்த வேலை சரிப்படாது, அடைப்பு அதிகமென்றால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு சோதனை. ஒருவரை ஆக்ஸிலரேட்டரை 3,000 ஆர்.பி.எம். வரை மிதிக்கச் சொல்லி, பம்ப்புக்குள் போகும் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. பழைய ரப்பர் உள்ளே ஒட்டி, சப்பையாகிப் போனால் தண்ணீர் வராது. ஐடிலில் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும்.

வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. காருக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆவியாகிவிடுகிறது என்கிறார் மெக்கானிக். 2007 வேகன் ஆர், 1,10,000 கி.மீ.
– வாசகர், நாகர்கோவில்

மூடிய சிஸ்டத்தில் ஆவியாவது மாதக்கணக்கில் ஒரு தம்ளர் அளவு. வாரம் அரை லிட்டர் எங்கோ போகிறது, போகும் இடத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். செலவு குறைந்த சந்தேகத்திலிருந்து தொடங்குவோம்.

மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, குறித்த அழுத்தம் வந்தபின் திறந்து, மிகுந்த தண்ணீரை ரிசர்வ் பாட்டிலுக்கு அனுப்பும். நடுவிலுள்ள சின்னது, இன்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கு அச்சிட்டிருக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்து வெளியே போகும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால், கார் ஆறியதும் மேல் ஹோஸ் உறிஞ்சியது போல் சப்பையாக இருக்கும். ரேடியேட்டர் கழுத்திலிருந்து பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். அதில் ஓட்டை இருந்தால் வெளியே போகும் தண்ணீர் திரும்பாமல் காற்றுதான் உள்ளே வரும். பாட்டில் நிறைந்து, ரேடியேட்டர் காலியாக இருக்கிறதா? பிரச்சினை பெரும்பாலும் இந்த மூடியிலும் குழாயிலும்தான்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். ஆறிய இன்ஜினில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, 15 நிமிடம் விட வேண்டும். கைப்பம்ப்பின் முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் ஓரம், தெர்மோஸ்டாட் மூடி, திராட்டில் பாடிக்குப் போகும் விரல் தடிமன் ஹோஸ்கள் (பலரும் மறக்கும் இடம்), இன்ஜின் பிளாக்கின் பின்பக்கத்துக் கோர் பிளக்குகள் (துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகள்). சூடான இன்ஜினில் மெதுவாகக் கசிவது தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். அதனால்தான் உங்களுக்குச் சொட்டு தெரியவில்லை. ஆனால் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புத் தடம் விட்டுப் போகும்.

பட்டறைகளில் வாட்டர் பாடி என்று சொல்லும் வாட்டர் பம்ப்பின் கழுத்தில், கீழ்நோக்கி ஒரு சின்ன துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அதன் வழியாக வெளியேறட்டும் என்று வைத்த துளை அது. அங்கே கறை இருந்தால் பம்ப்பை மாற்றுங்கள். துளையை எம்-சீல் வைத்து அடைத்த கார்களும் வருகின்றன. அப்படிச் செய்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், கடைசியில் புல்லியே ஆடத் தொடங்கும். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது.

வெளியில் எங்கும் தடம் இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால்தான் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் போக வேண்டும். சாயங்காலம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றி, ராத்திரி முழுக்க விடுங்கள். பிளக்குகளில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவினாற்போல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இக்னிஷன் கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று ஒரு செல்ஃப் அடித்தால், கசியும் சிலிண்டரின் பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். பிளக்கை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வேறொரு சோதனையும் உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதிலுள்ள நீல நிறத் திரவத்தின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை இழுப்பார்கள். எரிந்த புகையின் கார்பன் டை ஆக்ஸைடு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். மஞ்சளானால் கேஸ்கட்டோ ஹெட்டோ கசிகிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் தண்ணீர் சூடாகியே இருக்காது.

காலையில் இரண்டு நிமிடம் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பனி ஈரம். ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி இருப்பதும், குறைந்த தூரமே ஓடும் காரில் மழைக்காலத்தில் சகஜம். டிப் ஸ்டிக்கில் ஆயில் டீ நிறமாக மாறியிருந்தால்தான் விவகாரம்.

முன் சீட்டில் இடது பக்கம் கால் வைக்கும் இடம் ஈரமாகிறது. ஏ.சி. தண்ணீரா, கூலன்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் வெறும் தண்ணீர், வடிகால் குழாய் அடைத்திருக்கும். கூலன்ட் எண்ணெய் போல வழுக்கும், இனிப்பான வாடை வரும், கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படலம் கட்டும். இரண்டாவது என்றால் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஓட்டை. அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதுவரை ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் பானெட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓட்டலாம். நம் ஊரில் ஹீட்டர் இல்லாமல் யாரும் வாடிப்போவதில்லை.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்கிறார்கள். சரியா?
– வாசகர், காரைக்குடி

சரியில்லை. பட்டறை நம்பிக்கைகளிலேயே ஆயுள் கெட்டியானது இதுதான்.

தெர்மோஸ்டாட் வெளியே இருக்கும் 35, 40 டிகிரியைப் பார்த்து வேலை செய்வதில்லை. பல கார்களில் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, 95-ஐ ஒட்டி முழுக்கத் திறக்கிறது. காரைக்குடி வெயில் அதற்குக் கணக்கே இல்லை. அதை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் வெப்பம் 65, 70-லேயே நின்றுவிடும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று ஈ.சி.எம். நினைத்து பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தவிர்த்து இன்ஜினுக்கே திரும்பும் வழியை) மூடி, எல்லாத் தண்ணீரையும் ரேடியேட்டருக்குத் திருப்பும். அந்த இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்க எடுத்தது சூட்டைக் கூட்டும்.

பழையதைச் சோதிக்க அடுப்பங்கரையே போதும். பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். வால்வின் மேல் அடித்திருக்கும் எண்ணை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் நேரத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். புதியதைப் பொருத்தும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

ஆட்டோ எல்.பி.ஜி. பொருத்திய ஆம்னி. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓடவிட்டால் நுரைநுரையாகக் குமிழி வருகிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

ஹெட்டைத் தொடுவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள்.

டேங்கிலிருந்து திரவமாக வரும் எரிவாயு, ரெடியூசர் என்றும் வேப்பரைசர் என்றும் சொல்லும் பெட்டியில்தான் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை இன்ஜின் கூலன்ட்தான் கொடுக்கிறது. ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் கூலன்ட், நடுவில் ஒரு கேஸ்கட். அது போனால் எரிவாயு கூலன்ட்டுக்குள் புகுந்து, ஹெட் கேஸ்கட் போனது போலவே குமிழி விடும். எரிவாயு டேங்கின் வால்வை மூடிவிட்டு, பெட்ரோலில் மட்டும் கால் மணி நேரம் ஓட்டியபின் குமிழி நின்றுவிட்டால் ஹெட் நல்லது, ரெடியூசர்தான் குற்றவாளி. நாகர்கோவில் வாசகருக்குச் சொன்ன நீலத் திரவச் சோதனையும் இங்கே உதவும். எரியாத வாயுவுக்கு அது மஞ்சளாகாது. சந்தேகம் தீரும்வரை எல்.பி.ஜி.யில் ஓட்டாதீர்கள், ரேடியேட்டர் வாய்ப் பக்கம் நெருப்பு எதுவும் வேண்டாம்.

எல்.பி.ஜி. கார்களில் இன்னும் இரண்டு கோளாறுகள் வரும். ரெடியூசருக்காக ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் ‘டி’ இணைப்புகள் சில வருஷத்தில் நொறுங்கும், பித்தளையில் மாற்றிவிடுங்கள். ரெடியூசரை ரேடியேட்டர் வாயைவிட உயரத்தில் பொருத்தியிருந்தால் காற்று அதில்தான் போய் அடையும். ரெடியூசரின் மேல் வெண்பனி பூத்திருந்தால் கூலன்ட் அதுவரை வரவில்லை. கூலன்ட் குறைந்ததற்கு முள்ளுக்கு முன்னால் அறிவிப்பு கொடுப்பது அதுதான்.

அம்பாசடர். ஏற்காடு ஏறும்போது ஐந்தாறு கொண்டை ஊசி தாண்டியதும் கொதிக்கிறது. சமவெளியில் நன்றாக ஓடுகிறது. மலையில் கொதித்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சேலம்

அம்பாசடரில் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் ஒரே பெல்ட்டில் இன்ஜினோடு சுற்றுகின்றன. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏற்றினால் கொதிக்காமல் என்ன செய்யும்? இரண்டாவதுக்கு இறக்கி, இன்ஜினைத் தாராளமாகச் சுற்றவிட்டு ஏற்றுங்கள்.

பிறகு பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இறங்கலாம், அதற்கு மேல் போனால் தளர்வு. ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய தகட்டு வளையத்தை ஏதோ ஒரு வேலையின்போது கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் அக்கம்பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் கிழிந்திருந்தாலும் வெப்பம் கூடும். ரிசர்வ் பாட்டில் இல்லாத பழைய வண்டியில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் விரிவடைந்து வழிந்துவிடும், லீக் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்பதே சரியான அளவு.

மலையில் முள் ஏறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, முள் சிவப்பைத் தொடவில்லையென்றால் இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் 1,500 ஆர்.பி.எம். அளவுக்குப் பிடியுங்கள், ஃபேனும் பம்ப்பும் வேலை செய்யட்டும். ஹீட்டர் உள்ள கார் என்றால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரையும் போடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஆவி வந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ, முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

அதன்பின் முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேலும் தண்ணீராக இருப்பதற்கு அழுத்தம்தான் காரணம். மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்கும்போது, தடித்த துணி போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கியபின் கழற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினாலோ, பக்கெட்டோடு இன்ஜின் மேல் கொட்டினாலோ ஹெட் விரிசல் விடும்.

ஏறி முடித்து அணைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது முள் உயர்ந்திருந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் ஓட்டம் நின்றதால் இரும்பின் சூடு தேங்கிய தண்ணீரில் ஏறியிருக்கும், ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும்.

கூலன்ட் பச்சையா, சிவப்பா? எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும்? ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், புதுச்சேரி

நிறம் வெறும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்பதற்குப் பொது விதி கிடையாது, டப்பாவின் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். பழைய வகை பெரும்பாலும் இரண்டு வருஷம் அல்லது 40,000 கி.மீ. தாங்கும், நீண்டகால வகை ஐந்து வருஷம் வரை போகும். இரண்டையும் கலந்தால் துருத் தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில சமயம் கூழாகவே திரியும்.

நம் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர் போதும். ஊட்டியில் மார்கழி உறைபனிக்கும் அது தாங்கும். கூலன்ட்டின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் துருத் தடுப்பு போதாது. முழுக்க முழுக்கக் கூலன்ட் ஊற்றுவதும் தவறு, வெப்பத்தை எடுத்துச் செல்வதில் தண்ணீருக்கு ஈடு அது இல்லை. 0.9 பார் மூடியோடு வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கலவை 125-ஐயும் தாண்டும்.

கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தால் வருவது இரண்டரை லிட்டர்தான், மீதி இன்ஜினுக்குள் தங்கும். நன்றாக அலசிய பிறகு உள்ளே ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் இருக்கும். அதன் மேல், கலந்து விற்கும் ரெடிமேட் கூலன்ட்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். கலக்காத கூலன்ட் 1.3 லிட்டரை முதலில் ஊற்றி, மீதி இடத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் விட்டால் விகிதம் சரியாக வரும். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை ஆறியதும் அளவைப் பாருங்கள், கட்டாயம் குறைந்திருக்கும்.

பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர்தான் நல்லது. வழியில் அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். இறக்கிய கூலன்ட்டை வாளியில் திறந்து வைக்காதீர்கள். நாயும் பூனையும் குடித்துவிடும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கட் மாற்றியாகிவிட்டது. மறுபடியும் போய்விட்டது. கேஸ்கட் மட்டமா?
– வாசகர், திண்டுக்கல்

கேஸ்கட்டைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டை யார் அளந்தார்கள் என்று கேளுங்கள். அதிகச் சூட்டில் அலுமினிய ஹெட் வளையும். நேரான எஃகுப் பட்டையை நீளவாக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல சிறிய கார்களில் 0.05 மி.மீ.தான் எல்லை. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். பிளாக்கின் மேல்தளத்தையும் அதே மாதிரி அளக்க வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை சூடான ஹெட்டில் வால்வு சீட்களுக்கு இடையில் மயிரிழை விரிசலும் இருக்கலாம். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மூன்றாவது கேஸ்கட் வாங்காதீர்கள்.

பொருத்துவதிலும் தவறுகள் நடக்கும். பழைய கேஸ்கட்டை கிரைண்டர் போட்டுச் சுரண்டினால் அலுமினியத்தில் பள்ளம் விழும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தங்கியிருந்தால், போல்ட் அடியைத் தொடாமலேயே இறுகிவிட்டது போல டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) காட்டும். நடுவிலிருந்து ஓரமாக, இரண்டு மூன்று தவணையில், மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும். கை அளவில் முடுக்கியதாகச் சொன்னால் அந்தக் கேஸ்கட்டின் ஆயுள் அவ்வளவுதான். பாகை அளவில் முடுக்கும் வகை போல்ட் ஒருமுறை நீண்டது நீண்டதுதான், புதிதாக வாங்க வேண்டும். கேஸ்கட்டின் மேல் பசை தடவுவதும் வேண்டாம். கழற்றும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் நேரான ஹெட்டும் வளையும்.

இவ்வளவும் சரியாகச் செய்திருந்தாலும், முதல் முறை எதனால் சூடானது என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஃபேனோ, ரேடியேட்டரோ, மூடியோ, எது காரணமோ அது இன்னும் காரில்தான் இருக்கிறது.

ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடலாமா? லீக் அடைக்கும் திரவம்?
– வாசகர், தஞ்சாவூர்

நடுவழியில் மாட்டிக்கொண்டு, ஊசித் துளை அளவு ஓட்டை என்றால் மஞ்சள் தூள் அடைக்கும், வீடு வந்து சேரலாம். ஓட்டையை மட்டும் அடைக்கத் தூளுக்குத் தெரியாது, ஹீட்டர் கோரையும் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் திரவமும் அந்தக் கணக்கில்தான் வரும். வந்து சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிச் சரிசெய்து, சிஸ்டத்தை அலசிவிடுங்கள்.

போகிற வழியில் டெம்பரேச்சர் முள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. நல்லதுதானே என்று 20 கி.மீ. ஓட்டினேன். இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. சூடே காட்டவில்லையே, எப்படி?
– வாசகர், விருதுநகர்

சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போனதும், அது வெற்று ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தது. முள் இறங்கியது அதனால்தான். வழக்கமாக நிற்கும் இடத்தைவிட்டு முள் மேலே போனாலும் நிறுத்துங்கள், காரணமில்லாமல் கீழே இறங்கினாலும் நிறுத்துங்கள். ஹீட்டரைப் போட்டு, சூடான காற்று வராமல் வெறும் காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. இப்போது உங்கள் இன்ஜினில் சிலிண்டர் சுவரையும் பிஸ்டனையும் பார்க்காமல் செலவு சொல்ல முடியாது. கிழிந்த ஹோஸை மட்டும் தூக்கி எறியாமல் வையுங்கள். அது உள்ளிருந்து ஆயில் பட்டு ஊதியிருக்கிறதா, கிளிப் வெட்டியதா, வெறும் வயதா என்று பார்த்த பிறகுதான் புது ஹோஸ் வாங்க வேண்டும்.